தாமே தீந்தை பூசுவோர்

மார்கழி மழை ஓய்ந்து தைப்பொங்கல் நெருங்கும் நாட்களில் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் ஒரே விதமான காட்சியைக் காணலாம். விறாந்தையில் இருந்த கதிரைகள் முற்றத்துக்கு வந்துவிடும். சுவரில் மாட்டியிருந்த படங்கள் கட்டிலின்மேல் அடுக்கப்படும். மாமரத்தின் கீழ் ஒரு வாளியிற் சுண்ணாம்பு கரைந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் பழைய சாரம் ஒன்றை மடித்துக் கட்டி, தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு, ஏணியை எங்கே சார்த்தலாம் என்று ஆராய்ந்தபடி நிற்பார். இந்த ஆண்டு மேசனைக் கூப்பிடுவதில்லை, கூலி கொடுப்பதில்லை, யாவற்றையும் தாமே செய்துமுடிப்பது என்று முதல்நாள் இரவுதான் அவர் தீர்மானித்திருப்பார். வீட்டுக்காரி அத்தீர்மானத்தை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. சமையலறைக் கதவை மட்டும் இறுகச் சாத்திவைப்பார்.

பெயின்றை இலங்கைத் தமிழர் தீந்தை என்பர். போர்த்துக்கேயரின் 'தின்தா' என்னும் சொல்லே இங்கே தீந்தையாயிற்று. சிங்களத்தில் வழங்கும் 'தீந்த' என்பதும் அதன் உடன்பிறப்பே. பண்டங்களோடு அவற்றின் பெயர்களும் கப்பலேறி வந்த காலத்தின் எச்சம் அது. 'தின்தா' என்பது மூலமொழியில் நிறத்தையும் குறிக்கும், மையையும் குறிக்கும். தாமே தூரிகை பிடிக்கும் வீட்டுக்காரர் செய்யும் முதற் பிழையும் இதுவே. தாம் பூசுவது ஒரு நிறம் என்று அவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் பூசுவது ஒரு பொருள். அது சுவரோடு சேரும், அல்லது சண்டையிடும்; காற்றை உட்கொள்ளும்; சில வேளைகளில் வீட்டிலுள்ளோரின் உடம்புக்குள்ளும் புகுந்துவிடும். வேடிக்கையான விபத்துக்களும் வேடிக்கையல்லாத விபத்துக்களும் பெரும்பாலும் இந்த மறதியிலிருந்தே பிறக்கின்றன.

எளிதிலும் எளிதாகத் தோன்றும் சுண்ணாம்பையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. அந்தக் கல்லையோ கடலில் எடுத்த முருகைக்கல்லையோ சூளையில் இட்டுச் சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் விட்டதும் அது பொரிந்து, கொதித்து, நீறும். நீறிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரிற் பூசினால், சூளையில் இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடும். கல்லாக இருந்தது நீரிலே கரைந்து, சுவரேறி, மெல்லிய கல்லாக உறைவதே வெள்ளையடித்தல்.

இந்த மாற்றம் நடைபெறுவதற்கு ஈரம் வேண்டும். ஆகவே அநுபவமுள்ள மேசன் முதலிற் சுவரை நனைப்பார். வீட்டுக்காரரோ, பூச்சு என்றாற் காய்ந்த சுவரிலேதான் பூசவேண்டும் என்ற எண்ணத்தில், நல்ல வெயிலில் அனல் பறக்கும் சுவரிலே சுண்ணாம்பை இழுப்பார். சுவர் நீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு கல்லாகாமல் வெறும் பொடியாகவே தங்கிவிடும். பொங்கலுக்கு வந்த உறவினர் விறாந்தைச் சுவரிற் சாய்ந்திருந்து, சருக்கரைப் பொங்கலை உண்டு எழுந்து போகும்போது, வீட்டுக்குப் பூசிய வெள்ளையிற் பாதியை முதுகிலே சுமந்து செல்வர்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஈரமாக இருக்கும் சுண்ணாம்புப் பூச்சு ஏறக்குறையக் கண்ணாடிபோல் இருக்கும். அடியிலுள்ள கறையெல்லாம் தெரியும். காயக் காயத்தான் வெண்மை வெளிப்படும். இதனை அறியாதவர், பூசியது போதவில்லை என்று கருதி, கூழ்போலத் தடிப்பாகக் கரைத்து மேலும் மேலும் பூசுவார். மறுநாட் காலையிற் சுவர் கண்ணைக் கூசவைக்கும் வெண்மையோடு விளங்கும். அதற்கு மறுநாள் குளத்துச் சேறு காய்ந்து வெடிப்பதுபோல் வெடிக்கத் தொடங்கும். மூன்று மெல்லிய பூச்சுக்கள் செய்யும் வேலையை ஒரு தடித்த பூச்சு செய்யாது.

வெள்ளையை மேலும் வெள்ளையாகக் காட்டுவதற்குச் சிறிதளவு நீலம் சேர்ப்பது வழக்கம். மங்கிய மஞ்சட் சாயலை நீலம் மறைத்துவிடும். சலவைத் துணிக்கு நீலம் போடுவதும் இதே காரணத்தாலேயே. இந்தச் 'சிறிதளவு' எவ்வளவு என்பதிலேதான் தொல்லை. வாளியில் இருக்கும்போதும் சுவரில் ஈரமாக இருக்கும்போதும் நீலம் தூக்கலாகத் தெரியும். காய்ந்தபின் வெகுவாக வெளிறிவிடும். வீட்டுக்காரர் முதலாவது சுவருக்குப் பயந்து பயந்து போடுவார். அது காய்ந்ததும், 'இதென்ன, நீலமே இல்லையே' என்று இரண்டாவது வாளியில் இரட்டிப்பாகப் போடுவார். மூன்றாவது வாளியில் என்ன நடந்தது என்பது மேற்குச் சுவரைப் பார்த்தாலே தெரியும். தெருவால் வருபவர் வெள்ளை வீடு ஒன்றைக் காண்பர். ஒழுங்கையால் வருபவர் நீல வீடு ஒன்றைக் காண்பர்.

நீலத்தின் அளவு மட்டுமன்று, எந்த நீலம் என்பதும் முக்கியம். பிரஷ்ய நீலம் என்ற பெயர்பெற்ற நிறம் பேர்லின் நகரில் 1706-ஆம் ஆண்டளவில் ஒரு பிழையினாற் பிறந்தது. டீஸ்பாக் என்னும் வர்ணம் செய்வோர் சிவப்புச் சாயம் ஒன்றைத் தயாரிக்க முயன்றார் என்றும், அவர் இரவல் வாங்கிய காரத்தில் விலங்குகளின் இரத்தத்திலிருந்து வந்த கலப்பு இருந்தது என்றும், சிவப்புக்குப் பதிலாக ஆழ்ந்த நீலம் கிடைத்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இரும்பும் சயனைட்டும் கூடிய சேர்க்கை அது. பிழையிற் பிறந்த அந்த நீலத்துக்கு ஒரு குறை உண்டு: காரத்தை அது தாங்காது. சுண்ணாம்போ கடுங்காரம். பிரஷ்ய நீலத்தைச் சுண்ணாம்பிற் கலந்தால் நீலம் சிதைந்து, அதிலுள்ள இரும்பு துருவின் நிறத்தைக் காட்டும். வானத்து நிறம் வேண்டுமென்று பூசியவர் பழைய தகரக் கூரையின் நிறத்தைப் பெறுவார்.

சுண்ணாம்போடு ஒத்துவாழும் நீலம் அல்ட்ராமரைன். முன்னாளில் ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்துப் பெறப்பட்டமையால் பொன்னுக்கு நிகராக விலை போயிற்று. 1824-இல் பிரான்சியக் கைத்தொழில் ஊக்கச் சங்கம் ஒன்று, அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்கு பரிசளிப்பதாக அறிவித்தது. கிமே என்பவர் செய்துகாட்டி, 1828-இற் பரிசைப் பெற்றார். சலவைக்காரரின் நீலக்கட்டியாகப் பின்னர் உலகெங்கும் பரந்தது இச்செயற்கை நீலமே. இதற்கு வெகுகாலம் முன்னரே, 1787-இல், சிசிலித் தீவில் சுண்ணாம்புச் சூளைகளின் உட்சுவரில் நீலப் படிவுகள் இருப்பதை ஜேர்மானியக் கவிஞர் கேதே குறித்துவைத்திருந்தார். சுண்ணாம்புச் சூளையிலே தானாக உண்டாகும் நீலம் சுண்ணாம்புக்கு அஞ்சாதிருப்பதில் வியப்பில்லை.

சுண்ணாம்பை விட்டு எண்ணெய்த் தீந்தைக்கு வந்தாலும் சுவரின் குறும்பு ஓய்வதில்லை. புதிதாகக் கட்டி, சுண்ணாம்புச் சாந்தோ சீமெந்தோ பூசிய சுவரில் காரம் நிறைந்திருக்கும். ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த தீந்தையை அதன்மேல் பூசினால் எண்ணெயும் காரமும் கூடும். எண்ணெயும் காரமும் கூடினால் உண்டாவது சவர்க்காரம். குடிபுகும் நாளுக்கு முன் வீட்டைப் பளபளப்பாக்க விரும்பியவர், சில வாரங்களில் சுவர் பிசுபிசுப்பதையும், கைபட்ட இடமெல்லாம் வழுக்குவதையும் கண்டு, தீந்தை விற்ற கடைக்காரரோடு வழக்குக்குப் போவார். கடைக்காரர்மேற் குற்றம் இல்லை. வீட்டுக்காரர் தம் சாலையிலே சவர்க்காரம் காய்ச்சியிருக்கிறார், அவ்வளவுதான். புதுச் சுவரைப் பல மாதம் ஆறவிட வேண்டும் என்பது இதனாலேயே. அல்லது காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றை முதலில் இடவேண்டும்.

எண்ணெய்த் தீந்தை உலர்வதும் துணி உலர்வதுபோலன்று. துணியிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஒட்சிசனை உட்கொண்டு இறுகுகிறது. மூடி சரியாக இடாத தகரத்தில் மேலே ஆடை படிந்திருப்பதும் இதனால்தான். முதற்பூச்சின் மேற்புறம் மட்டும் இறுகி, உள்ளே ஈரமாக இருக்கையில் இரண்டாம் பூச்சை ஏற்றினால், இரண்டும் சேர்ந்து சுருங்கி, முதியவரின் கைத்தோல் போலாகிவிடும்.

நீரிற் கலக்கும் எமல்சன் தீந்தைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பரவியபோது, தாமே பூசுவோருக்குப் பெரும் விடுதலை கிடைத்தது. மணம் குறைவு, விரைவில் உலரும், தூரிகையைத் தண்ணீரிற் கழுவலாம். ஆனால் ஆண்டாண்டாகச் சுண்ணாம்பு ஏறிய சுவரில், பொடியைத் தட்டாமல் எமல்சனைப் பூசினால், அது சுவரைப் பிடிப்பதில்லை, பொடியைப் பிடிக்கிறது. காய்ந்து இறுகும்போது பொடியையும் இழுத்துக்கொண்டு, வாழைத்தண்டின் மடல் உரிவதுபோல முழத் துண்டுகளாக உரிந்து தொங்கும். பிள்ளைகளுக்கு அதைவிட இன்பமான விளையாட்டு வேறில்லை.

இவற்றோடு காலநிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வடபகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் பெருமழை வருவது ஐப்பசி முதல் மார்கழி வரை. மூன்று மாதம் நீரை உறிஞ்சிய சுவர்கள் மேற்புறம் உலர்ந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்தச் சுவரிலேதான் பொங்கலுக்கு முந்திய கிழமையில் தீந்தை ஏறுகிறது. மாசியிலும் பங்குனியிலும் வெயில் ஏற, உள்ளிருந்த நீர் ஆவியாகி வெளியே வர வழி தேடும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும். எண்ணெய்த் தீந்தை வழிவிடாது. அம்மைக் கொப்புளம்போல் பொங்கிவிடும். பண்டிகைக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் உண்டானது. தீந்தைத் தகரம் வந்தபின்னும் பண்டிகைத் தேதி மாறவில்லை.

ஏணியின் மேல் நடப்பவை தனிக் கதை. சன்னற் பலகைக்குத் தீந்தை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சாத்திவிட்டுப் படுத்தவர், காலையில் அதைத் திறக்க உளி தேடுவார். தரைக்கு நிறம் பூசத் தொடங்கியவர் வாசலிலிருந்து உள்நோக்கிப் பூசிக்கொண்டே போய், தூரமான மூலையில் ஒரு சாண் இடத்தில் நின்றுகொண்டு, மாலைத் தேநீரை எவ்வாறு பெறுவது என்று சிந்திப்பார். அளவு பார்ப்பதிலும் ஒரு வழமையான பிழை உண்டு. நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட அறைக்குப் பன்னிரண்டு சதுர மீற்றர் என்று கணக்கிட்டு, ஒரு சிறிய தகரத்தோடு வந்துவிடுவார். அது தரையின் பரப்பு. மூன்று மீற்றர் உயரமுள்ள சுவர்கள் நான்கையும் சேர்த்தால் 42 சதுர மீற்றர். கதவு சன்னல்களைக் கழித்தாலும் 36-க்குக் குறையாது. இரண்டு முறை பூசினால் 72. ஒரு லீற்றர் பத்துச் சதுர மீற்றருக்குக் காணும் என்று கொண்டால் ஏழு லீற்றருக்கு மேல் வேண்டும். மூன்றாவது தடவை கடைக்குப் போகும்போது அதே பெயருள்ள நிறம் வேறொரு தொகுதியில் வந்திருக்கும். பெயர் ஒன்று, சாயல் வேறு. தொழிலாளர் எல்லாத் தகரங்களையும் ஒரு பெரிய வாளியிற் கொட்டிக் கலந்தபின்பே தூரிகையைத் தொடுவது இதற்காகவே.

இரு நிறங்கள் சந்திக்கும் கோடு நேராக வருவதற்கு ஒட்டும் ஒருவகை நாடா உலகெங்கும் பயன்படுகிறது. அதுவும் ஏச்சுப் பேச்சிலேதான் பிறந்தது. 1920-களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் நாகரிகமாயின. ஒரு நிறத்தைப் பூசும்போது மற்றதை மறைக்க ஒட்டிய கடதாசியைக் கழற்றுகையில் தீந்தையும் சேர்ந்து வந்துவிடும். மினசோட்டா மாநிலத்தில், அரத்தாள் செய்யும் நிறுவனம் ஒன்றின் ஊழியரான ரிச்சட் ட்ரூ, மாதிரித் தாள்களைக் கொடுக்கக் கார்ப் பட்டறை ஒன்றுக்குப் போனபோது, தொழிலாளர் வாய்விட்டுத் திட்டுவதைக் கேட்டார். மெல்ல ஒட்டி, தீங்கின்றிக் கழலும் நாடாவை 1925-இல் ஆக்கிக் கொடுத்தார். தம் வீட்டுக்குத் தாமே பூசுவோர் அந்த நாடாவை ஒட்டுவதோடு நில்லாமல், தீந்தை இறுகிக் கல்லாகும்வரை கழற்ற மறந்தும் விடுவதுண்டு.

சுவர் இவ்வாறிருக்க, கண் செய்யும் மோசமும் சிறிதன்று. கடையில் தரும் அட்டையில் தபால்முத்திரை அளவிலே பார்த்த நிறம் அறை முழுவதும் பரவியபின் இரு மடங்கு வலுப்பெறும். நான்கு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று ஒளியைத் தெறிக்கவிடுவதால், இளமஞ்சள் மஞ்சளாகும், மஞ்சள் கடுகாகும். பகலொளியிற் பச்சையாகத் தெரிந்தது இரவு விளக்கில் சாம்பலாகிவிடும். போதாக்குறைக்கு, ஒரு நிறம் தன் அயலிலுள்ள நிறத்தையும் மாற்றிக் காட்டும். பரிஸ் நகரத்துக் கோப்லன் நெசவுச் சாலையிற் சாயப் பகுதியின் தலைவராக 1824-இல் அமர்ந்த செவ்ரல் என்னும் இரசாயனர், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற முறைப்பாட்டை ஆராய்ந்தார். சாயத்திற் குற்றமே இல்லை. பக்கத்தில் நெய்த நீல நூல்தான் கறுப்பின் கறுமையைத் தின்றுகொண்டிருந்தது. தம் ஆராய்ச்சியை 1839-இற் பெரிய நூலாக வெளியிட்டார். 102 வயதுவரை வாழ்ந்தார். அவருடைய நூலைப் படிக்காதோர், பச்சைக் கதிரைகள் உள்ள சாலைக்கு வெள்ளை பூசிவிட்டு, அது ஏன் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது என்று தகரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பர்.

வீட்டின் உள்ளே பூசுவது வீட்டாரின் விருப்பம். வெளியே பூசுவதைத் தெருவாரும் பார்க்கவேண்டியிருக்கிறது. இலண்டனின் கென்சிங்டன் பகுதியில் 2015-ஆம் ஆண்டு ஒரு வீட்டின் முகப்பு, மேலிருந்து கீழாகச் சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளோடு காட்சியளித்தது. அந்த வீட்டை இடித்துக் கட்டுவது பற்றி அயலாரோடு பிணக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது. நம் நாட்டவர் அதனைக் கண்டிருந்தால் கோயில் மதில் என்று எண்ணிக் கைகூப்பியிருப்பர். அயலார் அவ்வாறு எண்ணவில்லை. வெள்ளை பூசும்படி நகர மன்று கட்டளையிட்டது. வழக்கு மேல் நீதிமன்றம்வரை சென்றது. 2017-இல் நீதிபதி அக்கட்டளையைத் தள்ளிவிட்டார். பராமரிப்பின்றிக் கிடக்கும் கட்டடங்களைச் சீராக்குவதற்காக ஏற்பட்ட சட்டத்தை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகப் பயன்படுத்தலாகாது என்பது தீர்ப்பு. ஒக்ஸ்போர்ட் நகரத்துக்கு அருகே ஹெடிங்டனில் பில் ஹைன் என்பவர் 1986-இல் தம் கூரையைப் பிளந்து தலைகீழாக வீழ்ந்த சுறாமீன் ஒன்றை நிறுவியபோதும் இதே போராட்டம் எழுந்தது. இருபத்தைந்து அடி நீளம்; அணுகுண்டுக்கு எதிரான குரல் என்று அவர் கூறினார். அநுமதி பெறவில்லை என்று அதை அகற்ற முயன்ற அதே நகர மன்று, 2022-இல் அதனைப் பாதுகாக்கவேண்டிய மரபுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

இருப்பினும், ஒரு வீட்டின் சுவர் காரணமாக நண்பர் இருவர் பகைவராகிய வரலாற்றில் இலண்டன் மயிலறைக்கு ஈடு வேறில்லை. லிவர்பூலில் கப்பற்றொழில் நடத்திப் பெருஞ்செல்வரான பிரெடரிக் லேலண்ட், இலண்டனில் தாம் வாங்கிய மாளிகையில் சீனப் பீங்கான்களை வைப்பதற்காக உணவறை ஒன்றை அமைப்பித்தார். கட்டடக் கலைஞர் தோமஸ் ஜெக்கில் அதனை வகுத்தார். சுவர்களிற் பொன்னிறமிட்ட தோல். அதன்மேல் பூ வேலை. பீங்கான்களுக்கு வாதுமை மரச் சட்டங்கள். அடுப்பங்கரைக்கு மேலே விஸ்லர் என்னும் அமெரிக்க ஓவியர் தீட்டிய பெண்ணொருத்தியின் படம். 1876-இல் ஜெக்கில் நோயுற்றார். கதவுகளுக்கும் சன்னற் பலகைகளுக்கும் என்ன நிறம் பூசலாம் என்று விஸ்லரிடம் கேட்கப்பட்டது. கேட்டது அவ்வளவே.

சுவரிலுள்ள பூக்களின் சிவப்புத் தம் படத்தோடு பொருந்தவில்லை, அதைச் சிறிது திருத்தலாமா என்றார் விஸ்லர். லேலண்ட் இசைந்துவிட்டு ஊருக்குப் போனார். அவர் திரும்பிவருவதற்குள் அந்த விலையுயர்ந்த தோல் முழுவதும் நீலமும் பச்சையும் கலந்த தீந்தையின் கீழ் மறைந்துவிட்டது. சன்னற் பலகைகளிற் பொன் மயில்கள் தோகை விரித்து நின்றன. வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு விஸ்லர் விருந்தினரையும் பத்திரிகைக்காரரையும் அழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். பின்னர் 2,000 கினி கூலி கேட்டார்.

லேலண்ட் பாதிதான் கொடுத்தார். அதையும் கினியாகக் கொடுக்கவில்லை, பவுணாகக் கொடுத்தார். கினி 21 சிலிங். பவுண் 20 சிலிங். ஆங்கிலேயரிடையே கலைஞருக்கும் வைத்தியருக்கும் கினியிற் கொடுப்பது மரியாதை. பவுணிற் கொடுப்பது கூலியாட்களுக்கு. ஒரு சிலிங் வேறுபாட்டில், 'நீர் ஓவியர் அல்லர், வெள்ளையடிப்பவர்' என்ற செய்தி அடங்கியிருந்தது. வெள்ளையடிப்பவருக்கு அதில் என்ன குறைவு என்று கேட்பாரும் அங்கு இல்லை. விஸ்லர் திரும்பிவந்து, எஞ்சியிருந்த சுவரில் இரண்டு மயில்கள் சண்டையிடுவதாகத் தீட்டினார். ஒரு மயிலின் கழுத்தில், லேலண்ட் விரும்பி அணியும் சட்டையின் மடிப்புக்கள்போல் வெள்ளி இறகுகள், காலடியிற் காசுகள். மற்ற மயிலின் தலையில், விஸ்லரின் நரைமயிர்க் கற்றைபோல் ஒரு வெள்ளி இறகு. 'கலையும் பணமும்' என்று அதற்குப் பெயரிட்டார். 1877-இல் வேலை முடிந்தது, நட்பும் முடிந்தது. 1879-இல் விஸ்லர் கடனிறுக்க முடியாதவர் என்று அறிவிக்கப்பட்டபோது கடன்காரருள் லேலண்டும் ஒருவர். தம் அறையை இழந்த ஜெக்கில் சித்தம் கலங்கி 1881-இல் இறந்தார். வியப்பு என்னவெனில், லேலண்ட் அந்தச் சுவரை அழிக்கவில்லை. தம்மை ஏளனம் செய்யும் மயிலைப் பார்த்தபடியே 1892-இல் இறக்கும்வரை உணவருந்தினார். சார்ள்ஸ் ஃபிரீயர் என்னும் அமெரிக்கர் 1904-இல் அறை முழுவதையும் வாங்கி, பிரித்தெடுத்து, கப்பலேற்றினார். இன்று அது வாஷிங்டனில், 1923-இல் திறக்கப்பட்ட அவர் பெயர்கொண்ட கலைக்கூடத்தில் இருக்கிறது.

வேடிக்கை இத்துடன் நின்றுவிடுகிறது. 1775-இல் சுவீடன் நாட்டு ஷீலே என்னும் இரசாயனர் செம்பையும் ஆசனிக்கையும் சேர்த்து அழகிய பச்சை ஒன்றைச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்க்கடதாசிகளில் இத்தகைய ஆசனிக்குப் பச்சைகள் நிறைந்தன. ஈரமான சுவரிற் பூஞ்சணம் பிடித்தால் அது ஆசனிக்கு வாயுவை வெளிவிடக்கூடும் என்பதை இத்தாலியரான கோசியோ 1890-களிற் காட்டினார். நெப்போலியன் 1821-இல் சென் ஹெலீனாத் தீவில் இறந்த வீடு ஈரம் மிகுந்தது. அவருடைய தலைமயிரில் ஆசனிக்கு இருந்தமையால், நஞ்சூட்டப்பட்டாரோ என்ற ஐயம் நெடுங்காலம் உலாவிற்று. நியூகாசில் பல்கலைக்கழகத்து டேவிட் ஜோன்ஸ், 1980-இல் பி.பி.சி. வானொலிப் பேச்சொன்றில், அந்த வீட்டுச் சுவர்க்கடதாசியின் நிறம் என்னவோ என்று கேள்வி எழுப்பினார். பதிலை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். நேயர் ஒருவரிடமிருந்து மடல் வந்தது. அவர் குடும்பத்துப் பழைய ஏடொன்றில், அந்தத் தீவுக்குப் போன ஒருவர் கிழித்துவந்த அதே கடதாசித் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. பரிசோதித்தபோது அதில் ஆசனிக்கு இருந்தது. முடிவுகள் 1982-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. மன்னரைக் கொல்ல அந்த அளவு போதாது. ஆனால் நஞ்சூட்டியவரைத் தேடாமலே மயிரிலுள்ள ஆசனிக்குக்குக் காரணம் சொல்ல முடிந்தது.

ஆசனிக்குப் பச்சை வழக்கொழிந்துவிட்டது. ஈயம் அவ்வாறு எளிதில் ஒழியவில்லை. வெண்மைக்காகவும் விரைவில் உலர்வதற்காகவும் பல தலைமுறையாகத் தீந்தையில் ஈயச் சேர்க்கைகள் கலக்கப்பட்டன. அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் கண் வைத்தியர் லொக்காட் கிப்சன், பிள்ளைகள் பலருக்குப் பார்வை மங்குவதையும் கை கால் சோர்வதையும் கண்டு காரணம் தேடினார். விறாந்தைக் கைபிடிச் சட்டங்களிற் பூசிய தீந்தை வெயிலிற் பொடியாகி, விளையாடும் பிள்ளைகளின் விரல்களில் ஒட்டி, வாய்க்குள் போவதை 1904-இல் எடுத்துக்காட்டினார். குயின்ஸ்லாந்து 1922-இல் அதற்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவில் வீட்டுத் தீந்தையில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல். இலங்கையில் தீந்தையிலுள்ள ஈயத்தின் அளவுக்கு எல்லை வகுத்த விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முற்பட்ட தீந்தை பழைய கதவுகளிலும் சன்னற் கம்பிகளிலும் இன்றும் படைபடையாக இருக்கக்கூடும். பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிக்கப் புறப்படும் வீட்டுக்காரர் முதலிற் செய்வது அதை அரத்தாள் கொண்டு தேய்ப்பதுதான். உலரத் தேய்த்தால் எழும் தூசி கண்ணுக்குத் தெரியாமல் பாயிலும் தரையிலும் படியும். தவழும் குழந்தை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும். சிறு பிள்ளைகளின் உடம்பு ஈயத்தைப் பெரியவரைவிட மிகுதியாக உறிஞ்சும். அது மூளையின் வளர்ச்சியைத் தாக்கும். நெருப்பால் வாட்டிச் சுரண்டுவது அதனினும் தீது, ஈயம் ஆவியாகவே எழுந்துவிடும். நன்றாக இருக்கும் பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன்மேலேயே பூசிவிடலாம். உரிந்த இடத்தைச் சுரண்டியே ஆகவேண்டுமாயின், தண்ணீர் தெளித்து நனைத்து, கீழே ஒரு விரிப்பை இட்டுச் சுரண்டி, விழுந்ததைச் சுருட்டிக் கட்டி அகற்றி, தரையைத் தும்புத்தடியாற் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் தூசிக்கவசம் அணிந்துகொள்ளலாம். துவாயைத் தலையிற் சுற்றியிருப்பது அதற்கு உதவாது. அன்றைக்குப் பிள்ளைகளை அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சமையலறைக் கதவை வீட்டுக்காரி ஏற்கெனவே சாத்தித்தான் வைத்திருக்கிறார்.